பல்லுக்கு நடுவே ஒரு விரல்

செய்தி வந்தபோது நான் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பாசஞ்சர் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். வண்டி மயிலம் ஸ்டேஷனில் எதற்கோ நின்றுகொண்டிருந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குத்துவிளக்குப் படம். அதன் கீழே, நம் முன்னாள் உயிரியல் ஆசிரியை பத்மாவதி அவர்கள் இன்று விடிகாலை மாரடைப்பால் காலமானார் என்று இரண்டு வரி. நான் படித்து முடிப்பதற்குள் கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு அழுகை வரவில்லை. "அப்போ சாருக்கு இன்னிக்கு யாரு பல்லு தேச்சது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரிந்தவர்கள் நம்மில் அதிகம் பேர் இல்லை. பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் பத்மா டீச்சரைத் தெய்வம் என்றார்கள். படுத்த படுக்கையான கணவரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட பதிவிரதை என்றார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், பேச்சு வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, கோபம். தெய்வம் என்று சொன்னால் டீச்சருக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்று எனக்குத் தெரியும். "தெய்வம்னு சொல்லிட்டா கும்புட்டுட்டுப் போயிடலாம் பாருங்க மேத்ஸ். மனுஷின்னு சொன்னா ஒரு நாளாவது வந்து மாத்தி விடணுமே" என்பார். மேத்ஸ் என்பது நான்தான். நான் கணக்கு டீச்சர், அவர் பயாலஜி. ஸ்டாஃப் ரூமில் பாடத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அன்று பேசாததை இங்கே எழுதுகிறேன்.

அவரிடம் படித்தவர்களுக்கு லேபில் நடந்த முதல் வகுப்பு மறந்திருக்காது. பிளஸ் ஒன் பிள்ளைகள் உள்ளே வந்து நின்றதும் டீச்சர் ஒரு பல்குச்சியை எடுத்துத் தம் பல்லின் ஈறோரத்தைச் சுரண்டுவார். நுனியில் வெள்ளையாக, அரைத்த மாவு மாதிரி கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒவ்வொருவராகப் பார்க்கச் சொல்வார். உள்ளே புள்ளியும் குச்சியுமாக ஏதேதோ நெளியும், சிலது ஓடும். சோற்றுப் பருக்கையா டீச்சர் என்று ஒருத்தி கேட்டதற்கு, "சோறு இல்லம்மா, குடித்தனக்காரங்க. என் வாயில இருக்கிற கூட்டம் திண்டிவனத்துல இல்ல" என்றாராம். அடுத்த பீரியட் கணக்காக இருந்தால் எனக்குத்தான் பேஜார். பிள்ளைகள் பாதிப் பேர் வாயைத் திறக்கமாட்டார்கள். மீதிப் பேர் நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். அல்ஜீப்ரா எங்கே ஏறும்?

ஸ்டாஃப் ரூமில் டீ வந்தால், குடித்த கையோடு எழுந்து போய் வாய் கொப்பளிப்பார். நாங்கள் சும்மா இருப்போமா? உங்க மதத்துல எறும்பைக்கூட மிதிக்கக் கூடாதே, இத்தனை உயிரைக் கொப்பளிச்சுத் துப்புறீங்களே, பாவம் இல்லையா என்று ஒருநாள் நான் சீண்டினேன். டீச்சர் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே, "நான் எங்க கொல்றேன்? குடித்தனம் வெக்க விடமாட்டேன், அவ்ளோதான். ஒரு நாள் விட்டா குடிசை போடும், ரெண்டு நாள் விட்டா மச்சு வீடு கட்டும். அப்புறம் கடப்பாரைதான்" என்றார். அப்போது எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று கறுத்து ஓட்டை விழுந்திருந்தது. பூச்சி அரித்துவிட்டது என்று நான் சொன்னதும் அவருக்கு வந்ததே கோபம். பூச்சி எதுவும் பல்லைக் கடிப்பதில்லை, நீங்கள் ஒட்டவைக்கும் சர்க்கரையை அந்தக் கிருமிகள் தின்றுவிட்டு வெளியே விடும் அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்று ஒரு முழு இன்டர்வெல் பாடம் எடுத்தார். அன்றைக்கு மட்டும் எனக்கு டீ தரவிடவில்லை.

அவருடைய வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரணேந்திரன் சார் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருந்தவர். கெட்டவர் இல்லை. குடித்தார், அடித்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் யாரும் வாயில் ஒன்றும் போடமாட்டார்கள். அது சமண வழக்கம், டீச்சருக்கும் பிறந்த வீட்டுப் பழக்கம்தான்; அதில் அவருக்குக் குறை எதுவும் இல்லை. மண்டியிலிருந்து சார் வந்து கால் கழுவும்போது தட்டு போட்டிருக்க வேண்டும், போட்டவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதில்தான் அவரைக் கட்டிய கயிறு இருந்தது. கடைசி மணி அடித்தால் டீச்சர் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிடுவார். ஆண்டு விழாவானாலும் சரி, யாருக்காவது பிரிவு உபசாரம் நடந்தாலும் சரி, பாதியில் எழுந்துவிடுவார். ஒருமுறை பிள்ளைகளை மரக்காணம் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். எல்லோரும் அலையில் நின்றுகொண்டிருக்க, இவர் மட்டும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாயறதுக்குள்ள போயிடணும் என்பதுதான் அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம்.

சாருக்குப் பக்கவாதம் வந்தது மண்டியில், மூட்டைகளுக்கு நடுவே. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு போயிற்று, விழுங்கும் சக்தியும் போயிற்று. மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட்டார்கள். கஞ்சியும் பாலும் அதில்தான். டீச்சர் நீண்ட விடுப்பில் போனார், அப்புறம் வேலையையே விட்டார். "விருப்ப ஓய்வுன்னு எழுதிக் குடுத்தேன் மேத்ஸ். அதுல விருப்பமும் கெடையாது, ஓய்வும் கெடையாது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய மைக்ராஸ்கோப்பை அடுத்து வந்தவர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

முதல் சில மாதங்கள் அந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. உடம்பு துடைத்தார்கள், புண் வராமல் புரட்டிப் போட்டார்கள், நகம் வெட்டினார்கள். பல் மட்டும் தேய்க்கவில்லை. வாயால் சாப்பிடாத மனிதருக்குப் பல் எதற்குத் தேய்க்க வேண்டும்? யாருக்குமே தோன்றவில்லை. வருஷா வருஷம் தம் பல்லைச் சுரண்டி ஊருக்கே காட்டிய டீச்சருக்கும் தோன்றவில்லை. பிறகு ஒருநாள் சாருக்குக் காய்ச்சல் கண்டு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் முதலில் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாராம். பல்லின் நிறமே தெரியாமல் மஞ்சளாகப் படிந்து கிடந்தது. ஈறோரம் எல்லாம் கறுத்துச் சொத்தை. அண்ணத்தில் ஏடு ஏடாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. மென்று சாப்பிடாத வாயில்தான் அழுக்கு அதிகம் சேரும், சேர்ந்த கிருமி எச்சிலோடு நுரையீரலில் இறங்கிவிடும், இன்னொரு தடவை இப்படி வந்தால் இவர் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பார்க்கப் போனபோது டீச்சர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "நான் புள்ளைங்களுக்குக் காட்டுவனே, அதே புள்ளி, அதே குச்சி. அதுங்ககிட்டத் தோத்துட்டேன் மேத்ஸ்" என்றார். அதற்குப் பிறகு அவர் தோற்கவே இல்லை. காலையிலும் மாலையிலும், நடுவில் ஈரத்துணியாலும், அந்த வாயை அவர் ஒருவேளைகூட விடவில்லை.

வேலை எப்படிப்பட்டது என்று நான் கண்ணால் பார்த்தது ஒரு மாலையில். பள்ளி விட்டு ரயிலுக்கு நேரம் இருந்ததால் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாரின் தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தி, முகத்தை ஒருக்களித்து வைத்திருந்தார். குழந்தைகள் தேய்க்கும் சின்ன ப்ரஷ், டாக்டர் எழுதித் தந்த மருந்துத் தண்ணீர் ஒரு கிண்ணத்தில், பல்லுக்கு நடுவே முட்டுக் கொடுக்கத் துணி சுற்றிய ஐஸ் குச்சி. பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு வாயில் ஏதாவது பட்டால் தாடை தானாக இறுகிவிடுமாம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குச்சி நழுவியது, சாரின் பல் டீச்சரின் விரல்மேல் இறங்கியது. நான் பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுக்க ஓடினேன்.

"தொடாதீங்க" என்றார் டீச்சர், குரலே உயராமல். "இழுத்தா இன்னும் இறுக்குவாரு. அந்த ஸ்டூலைப் போட்டுக்கினு உக்காருங்க. ஸ்கூல் கதை ஏதாவது சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. யாருக்கு மாறுதல் வந்தது, எந்தப் பிள்ளை மரத்திலேறிக் கையை ஒடித்துக்கொண்டது என்று உளறிக்கொண்டிருந்தேன். டீச்சர் கட்டிலின்மேல் குனிந்தபடி, மாட்டாத கையால் சாரின் கன்னத்தை மெதுவாக நீவிக்கொண்டிருந்தார். "விடறப்ப விடுங்க. நான் எங்கயும் போகலை" என்று அவரிடம் நடுநடுவே சொன்னார். ரொம்ப நேரம் கழித்துத் தாடை தளர்ந்தது. விரலில் பல் பதிந்து ஊதா நிறமாகக் கன்றியிருந்தது. அதைத் தண்ணீர்க் குழாயில் காட்டிவிட்டுத் திரும்பி வந்து, இன்னும் மேல் வரிசை பாக்கி இருக்கிறது என்று மறுபடியும் ப்ரஷ்ஷை எடுத்தார். 

சாருக்கு உங்கள்மேல் ஏதாவது கோபமா என்று வெளியே வந்து கேட்டேன். அது ரிஃப்ளெக்ஸ், கைக்குழந்தை விரலைப் பிடிப்பது மாதிரிதான், அதில் கோபமும் இல்லை பாசமும் இல்லை என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லா இருந்தப்பவும் புடிச்சா விடமாட்டாரு, அது வேற" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ என்று ரயிலில் தோன்றியது.

ஆள் வைத்துப் பார்க்காமல் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் மற்ற வேலைகளைச் செய்தார்கள், வாய் என்று வந்ததும் பின்வாங்கினார்கள். கடித்ததும் வெடுக்கென்று இழுப்பார்கள். சாரின் ஈறு கிழிந்து ரத்தம் வரும். மறுநாள் ஆள் வராது. கடிக்கிற பேஷன்ட் வேணாங்க என்று ஒரு பெண் போனிலேயே சொல்லிவிட்டாள். டீச்சருக்குப் பிள்ளைகள் கிடையாது. சாரின் தம்பி குடும்பம் விழுப்புரத்தில் இருக்கிறது. தம்பி மனைவி விஜயா நாள் கிழமைக்கு வருவார், பழம் கொண்டுவருவார், சாரின் அறை வாசற்படியிலேயே நின்றுகொள்வார். நீங்க செய்யறா மாதிரி யாரால முடியும் அக்கா என்று உருகுவார். ஒருமுறை அவர் போன பிறகு டீச்சர் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஒரு வார்த்தையிலயே என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போறா பாருங்க."

பூட்டு என்றால் பூட்டுதான். காய்கறிக்காரர் வாசலுக்கு வருவார், மருந்து வீட்டுக்கு வரும். கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். நான் போனால் முதலில் பஸ் ஸ்டாண்டைப் பற்றித்தான் கேட்பார். மரக்காணம் பஸ் அதே இடத்தில்தான் நிற்கிறதா, செஞ்சி பஸ்ஸில் கூட்டம் எப்படி, மேம்பாலத்துக்குக் கீழே இளநீர்க் கடை இன்னும் இருக்கிறதா என்று. அவர் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் நடக்கிற தூரம். நான் ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்தவள் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அடுத்துச் சொல்லப்போவதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். அவர் என்னை மன்னிக்கட்டும், சொல்கிறேன். ஒரு மழைக்கால மாலை. சாருக்கு வாய் சுத்தம் செய்து முடித்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கையில் ப்ரஷ் அப்படியே இருந்தது. "நேத்து இதைக் கையில வெச்சிக்கினு நின்னேன் மேத்ஸ். தேய்க்காம விட்டா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். வாயால சாப்பிடாத ஆளுக்குப் பல்லு தேய்க்கலைன்னு யாரு வந்து கேக்கப்போறாங்க? கெட்ட பேரு வராது, போலீஸ் வராது. நாலு நாள் விட்டா போதும், எனக்குக் கதவு தொறந்துடும்."  அப்புறம் என்று கேட்டேன். "அப்புறம் என்ன? தேய்ச்சேன். அழுதுக்கினே தேய்ச்சேன்" என்றார்.

பதிவிரதை என்று மேடையில் சொன்னவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தெய்வத்துக்கு இப்படி ஒரு மாலைப்பொழுது வராது. தப்பிக்கும் வழி கையில் இருக்கிறது, பார்க்க ஆளில்லை, ஆசையும் இருக்கிறது. அப்படி இருந்தும் அந்த மனுஷி கிண்ணத்தில் ப்ரஷ்ஷை நனைத்தார். எனக்கு அவரிடம் இருந்த மரியாதையெல்லாம் அந்த அழுகையிலிருந்துதான்.

அன்றைக்கே நான் சொல்லிவிட்டேன், ஒரு சனிக்கிழமை நான் இருக்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று. அதற்காகச் சில வாரங்கள் அவர் பக்கத்தில் நின்று எப்படிச் செய்வது என்று பார்த்தேன். குச்சியை எங்கே வைப்பது, கன்னத்தை எப்படி ஒதுக்குவது, தண்ணீர் தொண்டைக்குள் இறங்காமல் எப்படி ஒற்றி எடுப்பது. எங்கே போகப்போகிறீர்கள் என்றதற்கு யோசிக்கவே இல்லை, மரக்காணம் என்றார். "மணல்ல உக்காரணும். ஒரு தடவையாவது பொழுது சாயறப்ப நான் வெளியில இருக்கணும். இருட்டின அப்புறம்தான் வருவேன், இப்பவே சொல்லிட்டேன்." அந்தச் சனிக்கிழமை மதியம் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு புடவை கட்டிக்கொண்டு, ஹேண்ட்பேகைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை திரும்பும்வரை நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை, நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சாரின் வாயைத் துடைத்தேன், தேய்த்தேன். குச்சியைத்தான் கடித்தார், என்னைக் கடிக்கவில்லை. பெரிய சாதனை செய்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தபோது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் வந்து நிற்கிறார். வெளியே இன்னும் வெயில் அடிக்கிறது. செருப்பு முழுவதும் செம்மண்.

"என்ன டீச்சர், அதுக்குள்ள?" என்றேன்.

மரக்காணம் பஸ்ஸில் ஒரே கூட்டம், அதனால் எதிரில் காலியாக நின்ற விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். ஜன்னலோரம் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் பயம் வந்துவிட்டது, கூட்டேரிப்பட்டில் இறங்கிவிட்டார். "அங்க நின்னேன் மேத்ஸ். ஒரு பக்கம் மயிலம் பாண்டி போவுது, ஒரு பக்கம் செஞ்சி போவுது, மெட்ராஸ் போவுது, விழுப்புரம் போவுது. எல்லாப் பக்கமும் பஸ்ஸு வருது, ஏறலாம், யாரும் கேக்கமாட்டாங்க. எந்தப் பக்கம் போறதுன்னு எனக்குத் தெரியலை. நின்னுக்கினே இருந்தேன்." ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டை வாங்கித் தின்றிருக்கிறார். வெயில் சாய ஆரம்பித்ததும் கால் தானாக எழுந்துவிட்டதாம். திண்டிவனம் பஸ் ஏறி வந்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. இதற்கா நான் சனிக்கிழமையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன் என்று கத்தினேன்.  மல்லாட்டை பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். வந்தவர் நேராக சாரிடம் போய் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். "கீழ்ப் பல்லு உள்பக்கம் விட்டுட்டீங்க" என்றார். அப்புறம் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த தடவை நேரா மரக்காணம் பஸ்தான், நின்னுக்கினாவது போவேன் என்றார். அடுத்த தடவை வரவில்லை.

அன்று ரயிலிலிருந்து இறங்கி நேராக அவர் வீட்டுக்குப் போனேன். விடிகாலையில் சமையலறையில் சாருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். பால் ஊற்ற வந்த பெண்தான் பார்த்துக் கத்தியிருக்கிறாள். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகம் நன்றாக இருந்தது, அதைப் பற்றி வேறொன்றும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து சாரின் அறையில் ஆள் ஒழியவே இல்லை. வருபவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்து ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தார்கள். குழாயில் பால் மட்டும் யாரோ ஊற்றியிருந்தார்கள். சார் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனாலே வாய் நாறியது. டீச்சர் இருந்தவரை அந்த அறையில் அந்த வாடை ஒருநாளும் வந்ததில்லை.

மாலை நெருங்கியபோது எல்லோரும் கூடத்துக்குப் போய்விட்டார்கள். நான் கிண்ணத்தை எடுத்து மருந்துத் தண்ணீர் ஊற்றினேன். விஜயா வாசற்படியில் வந்து நின்று, வாயால சாப்பிடறதே இல்லையே டீச்சர், இன்னிக்கு ஒரு நாள் விட்டா என்ன என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் கதவைச் சாத்தினேன். ப்ரஷ், துணி, சுற்றித் தயாராக வைத்த குச்சிகள், எல்லாம் டீச்சர் வைத்த இடத்தில் இருந்தன. மேல் வரிசை முடித்தேன். வெளிப்பக்கம் முடித்தேன். கீழ்ப் பல் உள்பக்கம் வந்தபோது, இதை மட்டும் விடக் கூடாது என்று விரலைக் கொஞ்சம் உள்ளே விட்டேன். குச்சி நழுவியது.

வலி உச்சந்தலையில் ஏறியது. அதே நேரத்தில் கூடத்தில் யாரோ ஓர் ஆண் குரல், "பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும், ஜல்தி ஆவட்டும்" என்றது. சமணர்களின் பஞ்ச மந்திரத்தைச் சொல்லும் குரல்கள் எழுந்தன. நான் வெளியே ஓட வேண்டும், கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்க்க வேண்டும். விரல் சாரின் பல்லுக்கு நடுவே இருக்கிறது. இழுத்தால் வந்திருக்குமோ என்னவோ, ஈறு கிழிந்திருக்கும். குரல்கள் உயர உயர அந்தத் தாடை இன்னும் இறுகியது. அவர் கேட்டார், புரிந்துகொண்டார், அதனால்தான் கடித்தார் என்று நான் எழுதமாட்டேன். ரிஃப்ளெக்ஸ் என்றுதான் டீச்சர் சொல்லியிருப்பார். காலடிகள் வாசலைத் தாண்டின. தெருவில் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. அந்த அறையின் ஜன்னல் பின்பக்கச் சந்துப் பக்கம்தான் இருந்தது.

அழுதேன். அப்போதுதான் அழுதேன். ஏதாவது கதை சொல்ல வேண்டும் என்று தெரியும், ஒரு கதையும் நினைவுக்கு வரவில்லை. இன்னொரு கையால் அவர் கன்னத்தை நீவினேன். "விடறப்ப விடுங்க சார். நான் எங்கயும் போகலை" என்றேன். எத்தனையோ தடவை காதால் கேட்ட வாக்கியம். சொன்னபோதுதான் அது எவ்வளவு பயங்கரமான வாக்கியம் என்று தெரிந்தது. டீச்சர் இதை அவரைத் தேற்றச் சொல்லவில்லை. நடந்துகொண்டிருந்ததைச் சொன்னார்.

தெரு அடங்கிய பிறகு சார் விட்டார். நான் வெளியே வந்தபோது கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் இன்னும் வெயில் இருந்தது. அன்றும் டீச்சர் பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

சாரை இப்போது விழுப்புரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தம்பி வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். காலையில் ரயிலுக்கு முன்னால் ஒருமுறை, மாலையில் திரும்பியதும் ஒருமுறை போகிறேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது, அதுதான் கஷ்டம். போன வாரம் நான் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது விஜயா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கி, "நீங்க செய்யறா மாதிரி யாரால முடியும் டீச்சர்" என்றார்.

பூட்டு விழும் சத்தம் எனக்குக் கேட்டது. பத்மா டீச்சர் பெரிய மனது, அதனால் கதவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். எனக்கு அவ்வளவு மனது கிடையாது. விஜயாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன், துணி சுற்றிய குச்சியை அந்தக் கையில் வைத்தேன். "உங்களால முடியும். வாங்க, புடிங்க" என்றேன். பயந்துகொண்டுதான் பிடித்தார், ஆனால் பிடித்தார். மூன்றாம் நாள் அவர் விரல் மாட்டிக்கொண்டது. இழுக்காதீங்க என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் ஸ்கூல் கதை சொன்னேன்.

டீச்சரைத் தெய்வம் என்று சொன்ன மற்றவர்களுக்கும் அந்த வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது. என்னைக் கேட்டால் வழி சொல்வேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இவ்வளவுதான்: விரலில் ஆறிக்கொண்டு வரும் ஒரு பல்தடம், கீழ்ப் பல் உள்பக்கத்தை விடாத கண், தெய்வமாகிவிடக் கூடாது என்ற பயம். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை சாரின் வாயை விஜயா பார்த்துக்கொள்வார். நான் திண்டிவனம் போய், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் சரி, நின்றுகொண்டாவது மரக்காணம் பஸ்ஸில் போவேன். மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவேன். பொழுது சாய்ந்த பிறகுதான் எழுந்திருப்பேன்.